எங்கள் இல்லத்துக் கோவிவன்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த மேடையில் கம்பனையும் வள்ளுவனையும் பற்றி அறிஞர் பலர் பேச நாம் கேட்டிருக்கிறோம். எங்களுக்கு இன்று அளிக்கப்பட்ட பொருளோ நாய்க்குட்டி வளர்ப்பு. செயலாளர் வந்து கேட்டபோது முதலில் தயங்கினோம். "நம் காலனியில் ஏழெட்டு வீடுகளில் பிள்ளைகள் நாய்க்குட்டி வேண்டும் என்று உண்ணாவிரதம் இருக்கிறார்கள், பட்டறிந்தவர்கள் நீங்கள்தாம், பேசுங்கள்" என்றார். 'பட்டு அறிந்தவர்கள்' என்ற சொல் உண்மையாக இருந்தபடியால் இசைந்தோம்.

'நாங்கள்' என்று பேசுவது பெருமை கருதி அன்று. எங்கள் வீட்டில் ஐவர்: நாங்கள் இருவர், எங்கள் அன்னையார், ஒரு மகள், ஒரு மகன். இக்கதையில் நேர்ந்த பிழைகளில் ஐவர்க்கும் பங்கு உண்டு. ஒருவர் பெயரைச் சொன்னால் மற்ற நால்வரும் தப்பிவிடுவர் அல்லவா?

இரண்டாண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்தில், எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே ஒரு நாய் ஐந்து குட்டிகளை ஈன்றது. அதன் கழுத்தில் பழைய தோல்வார் ஒன்று நைந்து தொங்கிற்று. அதனை அன்று நாங்கள் பார்த்தோமே தவிர, அதன் பொருளை எண்ணிப் பார்க்கவில்லை. தில்லியில் குளிர் இறங்கிய வேளை. ஒரு குட்டி பனியில் மடிந்தது; இரண்டு, வண்டியின் பின்சக்கரத்தில் சிக்கி மடிந்தன. எஞ்சிய இரண்டும் ஆண்குட்டிகள். மார்கழி பிறந்தபோது அவற்றுக்கு எட்டு வாரம் நிரம்பியிருந்தது. ஒன்றை எங்கள் குடியிருப்பின் சௌகிதார் வீட்டுப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். மற்றொன்றை எங்கள் மகன் கம்பளிச் சட்டைக்குள் ஒளித்து மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்தான்.

எட்டு வாரம் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டுகிறோம். தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் இருக்கும் அந்த நாள்களில்தான், விளையாட்டுக் கடி எது, வலிக்கும் கடி எது என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்றல் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளும் கூறுகின்றன.

அன்னையார் வாயிற்படியிலேயே வழக்கைத் தொடங்கினார். "நாய்க்கு மாடி வீடு எதற்கு? நம் ஊரில் அது வாசலில் கிடக்கும், ஒரு பிடி சோறு வைப்போம், அவ்வளவுதானே?" என்றார். அடுப்பங்கரைக்கும் பூசையறைக்கும் அது வருதல் கூடாது என்ற கட்டளையோடு வழக்கு அன்று ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்து எழுந்தது பெயர்ச் சிக்கல். மகள் 'டைகர்' என்றாள். மகன் 'ராக்கி' என்றான். நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் ஒரு செய்தி சொன்னார். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டினது. கள்வரை எதிர்த்து மடிந்த வீரனுக்கு எடுத்த அக்கல்லில் அவன் அருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்து அது காவல் நின்ற செய்தியும், கோவிவன் என்னும் அதன் பெயரும் கல்வெட்டில் உள்ளன. மன்னர் பெயரோடு நாயின் பெயரையும் கல்லில் வெட்டிய மக்கள் நம் முன்னோர் என்று கேட்டபோது பிள்ளைகளின் கண்கள் விரிந்தன. எங்கள் குட்டி கோவிவன் ஆனான். நாய் அஃறிணை என்று இலக்கணம் கூறும். எங்கள் வீட்டில் அன்று முதல் அவன் உயர்திணை. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையார் வாயில் அப்பெயர் 'கோபி' ஆயிற்று. இந்தியில் கோபி என்றால் காலிஃபிளவர். வீரன் பெயர் காய்கறிக் கடைக்குப் போய்விட்டதே என்று மகன் பல நாள் வருந்தினான்.

முதல் இரவு எவரும் உறங்கவில்லை. குட்டி விடியும்வரை அழுதது. உடன்பிறப்பின் சூட்டிலே உறங்கிய உயிர் தனியே கிடந்தால் அழாதா? இரண்டாம் இரவு, வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்தோம். கூடையைக் கட்டிலருகே இழுத்துக்கொண்டோம். அழுகை பாதியாயிற்று. ஐந்தாம் இரவில் நின்றது.

சிறுநீர்ச் சிக்கல் அவ்வளவு எளிதில் தீரவில்லை. ஒரு மாதக் கணக்கிற்கு ஒரு மணி நேரம், அவ்வளவே அச்சிறு வயிறு தாங்கும் என்பர். இரண்டு மாதக் குட்டிக்கு இரண்டு மணி நேரம். உறங்கி எழுந்தவுடன், உண்டவுடன், ஆடியவுடன் வெளியே கொண்டுபோதல் வேண்டும். மூன்று மாடிப் படிகள், நடுநிசி, தில்லிப் பனி! ஒரு வாரம் பொறுத்த நாங்கள் எட்டாம் நாள் பொறுமை இழந்து, கம்பளத்தை நனைத்த குட்டியின் மூக்கை அந்த ஈரத்தில் தேய்த்து அதட்டினோம். அதன் பயன், அது கட்டிலுக்கடியில் ஒளிந்து நனைக்கக் கற்றுக்கொண்டது. குற்றம் செய்த கணம் கடந்தபின் தண்டித்தால், எதற்காகத் தண்டனை என்று குட்டிக்குத் தெரியாது. தண்டிப்பவர்மீது அச்சம் ஒன்றே தெரியும். அதன்பின், வெளியே போய் முடித்தவுடன் ஒரு துண்டு வேகவைத்த காரட்டும் ஒரு தட்டிக்கொடுத்தலும் அளித்தோம். நான்கு வாரத்தில் வீடு உலர்ந்தது.

உணவிலும் எங்கள் அறியாமை வெளிப்பட்டது. அன்னையார், வழக்கை ஒத்திவைத்தவரே, எவரும் பார்க்காதபோது கிண்ணம் நிறையப் பசும்பால் வைத்தார். வயிறு இளகிற்று. பசும்பாலில் உள்ள சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிப்பதில்லை என்று கால்நடை மருத்துவர் விளக்கினார். தயிர்ச்சோறு கெடுதல் செய்யாது. ஆனால் வளரும் குட்டிக்கு அது மட்டும் போதாது. புரதம் வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் முட்டை நுழைந்தது அன்றுதான். வெளித் தாழ்வாரத்தில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம் என்று அன்னையார் ஓர் ஒப்பந்தம் வகுத்தார். மற்றொன்றையும் மருத்துவர் அழுத்திச் சொன்னார். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. அதன் குருதியைக் கெடுப்பவை. திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சே. ஆகவே, 'மீந்த சாம்பார் சோறுதானே' என்று எவரும் கருணை காட்டிவிடாதீர்கள்.

இனி, நாங்கள் சொல்லக் கூசும் பகுதிக்கு வருகிறோம். இதனைச் சொல்லாமல் மற்றவற்றைச் சொல்வது நேர்மையன்று.

குட்டிக்கு முதல் தடுப்பூசியை மார்கழியிலேயே போட்டோம். மூன்று நான்கு வாரங்களில் இரண்டாவது. இவ்வாறே பதினாறு வாரம் நிரம்பும்வரை தொடர்தல் வேண்டும். தாய்ப்பால் தந்த காப்பு மெல்லமெல்லக் குறைந்து வருவது அந்தக் காலத்திலேதான். அக்காப்பு இருக்கும்வரை ஊசி முழுப்பயன் தராது. அது தீர்ந்தபின் நோய் காத்திராது. அதனால்தான் ஒன்றோடு நிறுத்தாமல் தொடர்ந்து போடுகிறார்கள். எங்கள் இரண்டாம் ஊசிக்குரிய நாள் பொங்கலை ஒட்டி வந்தது. சங்கத்தின் பொங்கல் விழா நாடக ஒத்திகை, ஊரிலிருந்து வந்த விருந்தினர் எனக் காரணங்கள் இருந்தன. "அடுத்த வாரம் பார்ப்போம்" என்றோம். அடுத்த வாரமும் அவ்வாறே சொன்னோம். இதற்கிடையில் குட்டியைப் பூங்காவிற்கு அழைத்துச் சென்றோம். அங்கே சௌகிதார் வீட்டுக் குட்டியும் வரும். அண்ணன் தம்பி இருவரும் புல்லில் கட்டிப் புரளுவதைக் காலனியே நின்று பார்க்கும்.

தை மாதக் கடைசியில் ஒருநாள் கோவிவன் உணவைத் தொடவில்லை. மாலையில் வாந்தி, இரவில் குருதி கலந்த வயிற்றுப்போக்கு. மருத்துவர் சோதித்துவிட்டுப் 'பார்வோ' என்றார். 1978-இல் உலகம் முதன்முதல் கண்டறிந்த நோய் அது. குட்டிகளின் குடலை அரித்து, உடலின் நீரை வற்றச் செய்து, இரண்டு மூன்று நாளில் கொல்ல வல்லது.  நரம்பு வழியாக நீர் ஏற்றி, உடல் தானே போராடி வெல்லும்வரை தாங்கிப் பிடிப்பதே முதன்மையான மருத்துவம். விடைபெறும்போது மருத்துவர், "இதனோடு விளையாடிய வேறு குட்டி உண்டா? உடனே சொல்லிவிடுங்கள்" என்றார்.

அன்பர்களே, நாங்கள் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று அன்று; மறந்துவிட்டோம். எங்கள் கலக்கம் எங்களுக்குப் பெரிதாக இருந்தது. நீரேற்றும் குழாயும், காய்ச்சலும், அலுவலக விடுப்பும் எங்கள் உள்ளத்தை அடைத்துக்கொண்டன. ஐந்து நாள் காலையும் மாலையும் மருத்துவமனைக்குச் சுமந்து சென்றோம். இரவில் அன்னையார் தம் காஞ்சிபுரச் சேலையை மடித்துக் குட்டிக்கு விரித்து, பூசையறை வாயிலிலேயே அதனைக் கிடத்தி, தாமும் அருகே படுத்துக்கொண்டார். கட்டளை என்ன ஆயிற்று என்று எவரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை, படியிறங்கும்போது சௌகிதாரின் இளைய பெண் அழுதுகொண்டு நின்றாள். அவர்கள் குட்டியும் முந்திய நாளிலிருந்து உண்ணவில்லையாம். குளிரினால் என்று எண்ணி, அடுப்பருகே கிடத்தி வெல்லம் கரைத்த வெந்நீர் புகட்டியிருக்கிறார்கள். அன்று பகலில் அது இறந்துவிட்டது. அதற்கு ஒரு தடுப்பூசியும் போடப்படவில்லை.

எங்கள் குட்டியால் அக்குட்டிக்கு நோய் வந்ததோ, இரண்டும் ஒரே இடத்தில் பெற்றனவோ, எவராலும் சொல்ல இயலாது. ஆனால் இரண்டு நாளைக்கு முன் நாங்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளைகள் அதனைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடியிருப்பார்கள். அதைவிட, மார்கழியில் எங்கள் குட்டியை ஊசிக்குக் கொண்டுபோன அன்று அதன் உடன்பிறப்பையும் இன்னொரு கையில் ஏந்திப் போயிருக்கலாம். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவை. ஒன்று மூன்றாம் மாடிக்கு ஏறிற்று. மற்றொன்று வாயிற்காவல் அறையில் தங்கிற்று. அவ்வளவே வேறுபாடு. அதைக் கடந்து எங்கள் எண்ணம் செல்லவில்லை. சௌகிதாரிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. "உங்கள் குட்டி பிழைக்குமா, சாகப்?" என்று மட்டும் கேட்டார். அவர் திட்டியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஐந்தாம் நாள் கோவிவன் தலை தூக்கினான். ஆறாம் நாள் இரண்டு கரண்டிக் கஞ்சி குடித்தான். பிழைத்தான்.

அந்த நோயின் கிருமி மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள் அழியாமல் இருக்கும். பினாயில் போதாது என்று அறிந்து, படிக்கட்டு முழுவதையும் பிளீச்சிங் நீர் கொண்டு கழுவினோம். சௌகிதார் வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் சேர்ந்தே கழுவினார்கள். அடுத்த குளிர்காலத்தில் குடியிருப்பில் மறுபடியும் குட்டிகள் பிறந்தன. இம்முறை எட்டு வீட்டார் பணம் சேர்த்து, ஆறு குட்டிகளுக்கும் தடுப்பூசி போட்டு, தாய்க்குக் கருத்தடையும் செய்வித்தோம். அவற்றுள் ஒன்று இன்று காவல் அறையில் வளர்கிறது. இறந்ததற்கு இது ஈடு என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

பின்வந்த மாதங்களின் கதை இலேசானது. நான்காம் மாதத்திலிருந்து பால்பற்கள் இருபத்தெட்டும் விழுந்து, நாற்பத்திரண்டு புதுப்பற்கள் முளைத்தன. ஈறு தினவெடுக்கும் பருவம் அது. மூன்று சோடிச் செருப்பு, ஒரு நாற்காலிக் கால், சங்க நூலகத்து அகராதி ஒன்று ஆகியவை அப்பசிக்கு இரையாயின. அகராதியில் 'ந' வரிசையில் பத்து ஏடுகள் காணாமற் போயின. 'நாய்' என்னும் சொல்லும் அதனுள் அடக்கம். நூலகப் பொறுப்பாளர் அபராதம் வாங்கினார். ஆனால் சிரித்துக்கொண்டே வாங்கினார். நனைத்து முறுக்கிய துணியைக் குளிர வைத்து மெல்லக் கொடுத்திருந்தால் அகராதி தப்பியிருக்கும் என்று பிறகு அறிந்தோம்.

கோடை விடுமுறை வந்தது. ஊருக்குப் போகவேண்டும். இரயிலில் நாயைக் கொண்டுசெல்ல வேண்டுமானால், முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் பதிவுசெய்தல் வேண்டும். இல்லையேல் கார்டு வண்டியிலுள்ள கூண்டில் ஏற்றுதல் வேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை சேர ஏறத்தாழ 33 மணி நேரம்; சித்திரை வெயில்; கூண்டு. எங்களுக்கு மனம் வரவில்லை. பஞ்சாபி அம்மையார் தாமே முன்வந்தார். ஆனால் ஒரு சிக்கல். கோவிவனுக்கு 'வா', 'உட்கார்', 'போதும்', 'விடு' என்னும் தமிழ்ச் சொற்களே தெரியும். அம்மையார் நான்கு சொற்களையும் இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டார். நாங்கள் திரும்பி வந்தபோது அவர் பேரன் எங்களைப் பார்த்து "உட்கார்!" என்றான். வீட்டில் இந்தியிலேயே பேசிக்கொண்டிருந்த எங்கள் பிள்ளைகளும் நாயோடு பேசிப்பேசித் தமிழில் சரளம் பெற்றார்கள். சங்கத்தின் தமிழ் வகுப்பு செய்யாததைக் கோவிவன் செய்தான் என்றால் ஆசிரியர் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

தீபாவளி வந்தபோது வெடியொலிக்கு அஞ்சி அவன் குளியலறையில் ஒடுங்கி நடுங்கினான். சன்னல்களை அடைத்து, வானொலியைப் பாடவிட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் அருகிருந்தோம். அவ்வாண்டு எங்கள் பிள்ளைகள் கம்பி மத்தாப்போடு நிறுத்திக்கொண்டார்கள். எவரும் சொல்லி அன்று.

முடிக்குமுன் சில வேண்டுகோள்கள். தடுப்பூசி நாளைத் திருமண நாளைப்போல் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். எந்த விழாவிற்காகவும் தள்ளிப்போடாதீர்கள். மூன்று மாதம் நிரம்பியதும் வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் வேண்டும். எந்த நாய் கடித்தாலும், தன் வீட்டு நாயே கீறினாலும், சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். அந்நோய் முற்றியபின் மருந்து இல்லை. முந்திக்கொண்டால் அச்சம் இல்லை. 1957-ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டப்படி நாயைப் பதிவு செய்யுங்கள்.

கடைசி வேண்டுகோள், பெற்றோருக்கு. நாய் பத்துப் பதினைந்து ஆண்டு வாழும். இன்று ஐந்தாம் வகுப்பிலிருந்து அழும் பிள்ளை அன்று கல்லூரியில் இருக்கும். நம்மில் பலர் அரசுப் பணியினர்; எப்போது மாற்றல் ஆணை வரும் என்று அறியோம். மாற்றல் வந்தால் கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறும். நாயும் ஏறுமா என்ற கேள்விக்கு இன்றே விடை தேடிக்கொள்ளுங்கள். விடை 'ஏறாது' என்றால் குட்டியை எடுக்காதீர்கள். மாடிப்படிக்குக் கீழே குட்டியீன்ற அந்தத் தாயின் கழுத்தில் கிடந்த நைந்த தோல்வாரின் பொருள் எங்களுக்கு இப்போது விளங்குகிறது. ஒருகாலத்தில் அதனையும் எவரோ ஒருவர் பெயர் சொல்லி அழைத்திருக்க வேண்டும்.

குழந்தைகளே, நாய்க்குட்டி வேண்டும் என்று கேளுங்கள், தவறில்லை. ஆனால் உங்கள் குட்டியை ஊசிக்குக் கொண்டுபோகும் நாளில் படிக்குக் கீழே இன்னொரு குட்டி இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். இருந்தால் அதனையும் எடுத்துச் செல்லுங்கள். நாங்கள் பார்க்கத் தவறியது அதனைத்தான்.